பல் கம்பி கட்டியிருக்கும்போது சத்துக் குளிசை எடுப்பது எப்படி

கம்பி கட்டிய பிள்ளையின் பல் கெதியாய் நகர என்ன விற்றமின் கொடுக்கலாம் என்று பாமசியில் கேட்கிறார்கள். அப்படி ஒரு குளிசை இல்லை. பல் நகர்வை மந்தமாக்கக்கூடியவை உண்டு. பிரக்கெட்டை (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சிறு கட்டையை) சுற்றி, பல்லின் வெளிப்பூச்சான எனாமலை அரிப்பவை உண்டு. ஒன்றாக விழுங்கினால் ஒன்றை மற்றது வீணாக்குபவையும் உண்டு. மறுபக்கம், உடம்பில் உண்மையாகவே ஒரு சத்துக் குறைந்திருந்தால் அதை நிரப்பாமல் விடுவதும் சிகிச்சைக்கு நல்லதல்ல. ஆகவே குறைவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதை மட்டும் நிரப்புங்கள். நிரப்பும்போது பல்லையும் கம்பியையும் கெடுக்காத வடிவத்தில், சரியான நேரத்தில் எடுங்கள்.

பல் எப்படி நகர்கிறது

பல் தாடை எலும்பில் ஆணி அடித்ததுபோல் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீற்றர் அளவில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பல் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. கம்பி தள்ளும்போது ஒரு பக்கத்துப் படலம் நசுங்கும், மறுபக்கம் இழுபடும். நசுங்கிய பக்கத்தில் புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிச் சைகைகள் உண்டாகி, எலும்பைக் கரைக்கும் கலங்களை அழைக்கும். இழுபட்ட பக்கத்தில் எலும்பைக் கட்டும் கலங்கள் புது எலும்பை இடும். ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் வளர்வதால்தான் பல் இடம் மாறுகிறது.

கம்பியை இறுக்கிய முதல் சில நாட்களில் பல் கொஞ்சம் அசையும். அதன்பின் இரண்டு மூன்று வாரம் நின்றுவிட்டதுபோல் இருக்கும். நசுங்கி இறந்த திசுவை உடம்பு துப்புரவாக்கும் காலம் அது. உண்மையான நகர்வு அதற்குப் பிறகுதான், சராசரியாக மாதத்துக்கு 1 மில்லிமீற்றர். ஒரு பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம் விசையே போதும். அதைவிட இறுக்கினால் படலம் கூட நசுங்கும், நிற்கும் காலம்தான் நீளும். ‘இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுங்கோ டொக்டர்’ என்று கேட்பதால் நாள் மிச்சமாவதில்லை.

சத்துக் குளிசைகளுக்கு இந்தச் செயலில் இடம் கிடைப்பது மூன்று புள்ளிகளில்: புரோஸ்டாகிளாண்டின் என்ற சைகை, எலும்பு கரைந்து வளரும் வேகம், நார்ப்படலத்தின் இழைப் புரதமான கொலாஜன். மீனெண்ணெய் முதலாவதையும், கல்சியமும் விற்றமின் டியும் இரண்டாவதையும், விற்றமின் சி மூன்றாவதையும் தொடுகின்றன. இவை பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி எலியில் நடந்தவை. மனிதரில் நடந்தவை குறைவு, சிறியவை, முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. முகநூலில் வரும் ‘ஆறு மாதத்தில் கம்பி கழற்றலாம்’ விளம்பரங்களைப் பார்க்கும்போது எலியை நினைத்துக்கொள்ளுங்கள்.

விற்றமின் டி

வேகப் பேச்சுக்கெல்லாம் மூலம் இதுதான். 1988இல் வெளியான ஓர் ஆய்வில், விற்றமின் டியின் செயற்படும் வடிவத்தைப் பூனைகளின் பல்லைச் சுற்றிய நார்ப்படலத்துக்குள் வாரம் ஒருமுறை ஊசியால் ஏற்றினார்கள். 21 நாளில் அந்தப் பற்கள் மற்றப் பற்களைவிட 60 வீதம் கூடுதலாக நகர்ந்தன. கவனிக்க வேண்டியது: அது குளிசை அல்ல, ஊசி. அதுவும் பல்லின் வேரடியில். நாம் குளிசையாய் விழுங்கும் சாதாரண டி (டி3) முதலில் ஈரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாற்றப்பட்டே செயற்படும் வடிவத்துக்கு வருகிறது. அந்தக் கடைசி மாற்றத்தைச் சிறுநீரகம் கடுமையாகக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. உடம்பில் போதிய டி இருப்பவர் மேலும் மேலும் விழுங்கினாலும் பல்லடியில் செயற்படும் டி பெருகாது.

குறைபாடு இருப்பவரின் கதை வேறு. எலும்பைக் கட்டும் வேலை தளர்ந்தால், பல் போய்ச் சேரும் இடத்தில் எலும்பு உறுதியாவதும் தளரும். நம் திருகோணமலையில் வெயிலுக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். எட்டரைப் பாகை அகலாங்கில் இருக்கிற ஊருக்கு ஆண்டு முழுவதும் போதிய புறஊதாக் கதிர் கிடைக்கிறது. ஆனால் காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், நடுவில் வான், முழுக்கைச் சட்டை, பர்தா, வெளியில் போனால் குடை என்றிருக்கும் பிள்ளையின் தோலில் அந்தக் கதிர் எவ்வளவு படுகிறது? கருமையான தோலுக்கு அதே அளவு டி செய்யக் கூடுதல் நேரமும் வேண்டும். ஊர் வெயிலை வைத்து ஊகிக்காமல் இரத்தத்தை வைத்துப் பாருங்கள்.

பரிசோதனையின் பெயர் 25-ஹைட்ரொக்சி விற்றமின் டி. அறிக்கை கைக்கு வந்ததும் எண்ணுக்கு முன் அலகைப் பாருங்கள். ஒரு மில்லிலீற்றருக்கு 20 நனோகிராமுக்குக் கீழே குறைபாடு. அதே அளவு மற்ற அலகில் லீற்றருக்கு 50 நனோமோல், அதாவது முதலாவதை 2.5ஆல் பெருக்க இரண்டாவது வரும். அறிக்கையில் 45 என்று இருந்தால், நனோகிராமில் அது நல்ல நிலை, நனோமோலில் அது குறைபாடு. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் போனில் சொல்லி மருந்து கேட்டால், தேவையில்லாதவருக்குப் பெரிய அளவும் தேவையானவருக்கு ஒன்றுமில்லாமலும் போகும்.

1 வயதிலிருந்து 70 வயது வரை ஒரு நாளைக்குத் தேவை 600 ஐ.யூ. (சர்வதேச அலகு), அதாவது 15 மைக்ரோகிராம். 9 வயதுக்கு மேல், வைத்தியர் சொல்லாமல் தாண்டக்கூடாத எல்லை 4000 ஐ.யூ., அதாவது 100 மைக்ரோகிராம். கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும் சொந்தக்காரரின் பெட்டியில் வரும் போத்தல்களில் 5000, 10,000 ஐ.யூ. கப்சியூல்கள் சாதாரணம். அவற்றை நாளுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். டி கொழுப்பில் கரைவது, மிஞ்சினது சிறுநீரில் போகாமல் உடம்பில் சேரும். இரத்தத்தில் கல்சியம் ஏறினால் வரும் அறிகுறிகள் பசியின்மை, ஓங்காளம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், ஓயாத தாகம். கம்பி கட்டிய பிள்ளை சாப்பிட மறுத்தால் பல்வலி என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். இந்த அளவு டி எடுக்கும் பிள்ளையில் அப்படி விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு பொறி அல்பகல்சிடோல். 0.25 மைக்ரோகிராம் என்ற சிறிய எண்ணைப் பார்த்து, 15 மைக்ரோகிராம் வேண்டியவருக்கு இது மிகக் குறைவு என்று கணக்குப் போட்டு நாலைந்து எடுப்பவர் உண்டு. அது சாதாரண டி அல்ல, சிறுநீரகத்தின் கட்டுப்பாட்டைத் தாண்டிப் போகும் வடிவம். மருந்துத் துண்டில் எழுதியிருந்தால் எழுதியபடி மட்டும் எடுக்க வேண்டியது.

டியை நாளின் மிகக் கொழுப்பான சாப்பாட்டோடு எடுங்கள். தேங்காய்ப்பால் சொதியோ மீன்குழம்போ உள்ள மத்தியானச் சாப்பாடு பொருத்தம். வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு எடுத்தால் உறிஞ்சப்படுவது குறையும்.

கல்சியம்

இதைப் பற்றி இரண்டு எதிரெதிர்ப் பயங்கள் உலவுகின்றன. ‘கல்சியம் கொடுத்தால் எலும்பு இறுகிப் பல் நகராது’ என்பது ஒன்று. இரத்தத்தில் உள்ள கல்சியத்தைப் பரதைரொயிட் ஓமோன் குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கிறது. தேவையான அளவு சாப்பிடுவதால் தாடை கல்லாகிவிடாது. மற்றது, ‘கல்சியத்தை நிறுத்தினால் பல் இலகுவாக நகரும்’. இதில் ஒரு துளி உண்மை உண்டு: கல்சியம் குறைந்த தீன் கொடுத்த எலிகளில் பல் வேகமாக நகர்ந்தது. காரணம், இரத்தத்துக்குத் தேவையானதை உடம்பு எலும்பிலிருந்து உருவியதால் எலும்பு ஐதாகிவிட்டது. ஐதான எலும்பில் நகர வேண்டிய முன்பல் மட்டுமல்ல, பிடிமானமாக நிற்க வேண்டிய கடைவாய்ப் பல்லும் முன்னுக்கு வரும். வந்த இடத்தில் பல்லைப் பிடித்து வைத்திருப்பதும் அதே எலும்புதானே. வளரும் பிள்ளையின் முழு எலும்புக்கூட்டையும் பணயம் வைத்து இரண்டு மாதம் மிச்சம் பிடிக்கத் தேவையில்லை.

9 முதல் 18 வயது வரை நாளுக்கு 1300 மில்லிகிராம், 19 முதல் 50 வரை 1000 மில்லிகிராம். குளிசையை எடுக்குமுன் தட்டை எண்ணுங்கள். 30 கிராம் முழு ஆடைப் பால்மாவில் கரைத்த ஒரு பெரிய கோப்பையில் ஏறத்தாழ 270. கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்து எருமைத் தயிர் 150 கிராமில் ஏறத்தாழ 250. குரக்கன் மா 50 கிராமில் ஏறத்தாழ 170, என்றாலும் அதிலுள்ளது முழுவதும் உடம்பில் சேராது. இவை மூன்றும் சேர்ந்தால் 690. முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, முருங்கையிலை வறை, எள்ளு எல்லாம் இதற்கு மேல். பால்மா விலை ஏறிய காலத்தில் பிள்ளைகளின் கோப்பை பிளேன் ரீயாக மாறிப்போன வீடுகளில் இந்தக் கணக்கு உடனே கீழே விழும். குளிசைக்கு இடம் வருவது அங்கேதான்.

குளிசை அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் கல்சியத்தின் அளவாக இருக்க வேண்டியதில்லை. கல்சியம் காபனேற்றில் 40 வீதம்தான் கல்சியம்: 1250 மில்லிகிராம் காபனேற்று எடுத்தால் 500 கிடைக்கும், 500 எடுத்தால் 200தான். சித்திரேற்றில் 21 வீதம். தாய்சேய் கிளினிக்கில் கொடுக்கும் கல்சியம் லக்டேற் 300 மில்லிகிராம் குளிசையில் ஏறத்தாழ 39 மில்லிகிராம்தான். அம்மாவுக்குக் கொடுத்த லக்டேற் குளிசை மிச்சமாக இருக்கிறதென்று மகளுக்கு ஒன்று கொடுத்து ‘கல்சியம் கொடுத்தாயிற்று’ என்று இருப்பது ஒரு வாய்ப் பால் குடித்த கணக்கு. (கம்பியோடு கர்ப்பமானவர் கிளினிக்கில் கொடுப்பதை நிறுத்தக்கூடாது. அது பல்லுக்காகக் கொடுப்பதல்ல.)

ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் கல்சியத்துக்கு மேல் குடல் நன்றாக உறிஞ்சாது. கூட வேண்டுமென்றால் இரண்டாகப் பிரியுங்கள். காபனேற்றைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், அதைக் கரைக்க இரைப்பை அமிலம் தேவை. ‘கஸ்ரிக்’குக்கு ஒமெப்ரசோல் எடுப்பவருக்குச் சித்திரேற் பொருத்தம்.

கம்பி கட்டியவர் கடித்துச் சாப்பிடும் கடினமான கல்சியக் குளிசையை வாங்க வேண்டாம். முன்கடைவாயால் ‘படக்’ என்று கடிக்கும்போது பிரக்கெட் கழன்று வரும். கழன்ற பிரக்கெட்டைத் திரும்ப ஒட்டும்வரை அந்தப் பல் வேலை செய்யாது. எந்த விற்றமினாலும் மிச்சப்படுத்த முடியாத அளவு நாள் அதிலேயே போய்விடும். விழுங்கும் குளிசை, முடியாவிட்டால் இரண்டு கரண்டிக்கு நடுவில் நசுக்கித் தயிரில் கலப்பது. நசுக்கலாமா என்று பாமசியில் ஒருமுறை கேளுங்கள்.

விற்றமின் சி

நார்ப்படலம் முழுக்கக் கொலாஜன், அது உடம்பில் மிக வேகமாகப் புதுப்பிக்கப்படும் கொலாஜன்களில் ஒன்று. கொலாஜன் இழைகள் முறுக்கேறி உறுதியாக விற்றமின் சி இல்லாமல் முடியாது. கடுங்குறைபாட்டில் முரசிலிருந்து இரத்தம் வருவதும் பல் ஆட்டம் காண்பதும் இதனால்தான். ஆனால் தேவை சிறியது: வளர்ந்த பெண்ணுக்கு நாளுக்கு 75, ஆணுக்கு 90 மில்லிகிராம். 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. நல்ல கொய்யா ஒன்றின் பாதி போதும். 500 மில்லிகிராம் குளிசை எடுத்துப் பல் கூடுதலாக நகர்ந்ததாகக் காட்ட ஒன்றும் இல்லை.

கொய்யாவை முன்பல்லால் கடிக்கக்கூடாது. விதைப்பகுதியைத் தோண்டி எறிந்துவிட்டு, சதையை மெல்லிய துண்டாக வெட்டிக் கடைவாயால் மெல்லுங்கள். விதை கம்பிக்கும் பிரக்கெட்டுக்கும் நடுவில் சிக்கினால் தூரிகைக்கும் வராது.

சி குளிசையில் பயப்பட வேண்டியது அளவைவிட வடிவத்துக்கு. ஆரஞ்சுச் சுவையில் சப்பும் 500 மில்லிகிராம் குளிசை அமிலம். அதைப் பிள்ளைகள் மிட்டாய்போல் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வார்கள். பிரக்கெட்டைச் சுற்றித் துப்புரவாகாத விளிம்பில் அமிலம் தேங்கி எனாமலின் கனியுப்பைக் கரைக்கும். அழுக்குப்படை படிந்த இடத்தில் நாலு வாரத்துக்குள்ளேயே வெள்ளைப் புள்ளி தெரியத் தொடங்கும். கம்பி கழற்றிய நாளில் நேரான பல்லில் சதுரம் சதுரமாக வெள்ளை வளையம் தெரிவது இதன் பலன்தான். தண்ணீரில் பொங்கும் குளிசையும் அமிலமே. எடுக்கத்தான் வேண்டுமென்றால் ஒரே மூச்சில் குடித்து, வெறும் தண்ணீரால் கொப்புளித்து, அரை மணித்தியாலம் கழித்துப் பல் துலக்குங்கள். உடனே துலக்கினால் மெத்தையான எனாமலைத் தேய்த்து எடுத்ததாகும். தேசிக்காய்த் தண்ணீருக்கும் இதே விதி. சிறுநீரகக் கல் வந்தவர்கள் கிராம் கணக்கில் சி எடுக்கவே வேண்டாம், அது உடம்பில் ஒக்சலேற்றாக மாறும்.

மீனெண்ணெயும் வலிக்குளிசையும்

ஒமேகா-3 கொழுப்பமிலம் கலச்சுவரில் இடம்பிடித்தால் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தி குறைகிறது. மூட்டு வீக்கக்காரருக்கு நன்மை செய்வது இதே காரணத்தால். பல் நகர அழைப்பு விடுப்பதும் அந்தப் புரோஸ்டாகிளாண்டின்தான் என்பதால், மீனெண்ணெய் கலந்த தீன் கொடுத்த எலிகளில் பல் நகர்வு குறைந்தது, வேர் தேய்வதும் குறைந்தது. மனிதருக்கு இதை எவ்வளவு நீட்டுவது? சூடை, சூரை, கீரி மீனை வாரம் மூன்று நாலு தரம் சாப்பிடுகிற ஊர் இது, அந்த அளவில் ஒன்றும் ஆகாது. தாராளமாகச் சாப்பிடுங்கள். சாதாரண 1000 மில்லிகிராம் கப்சியூல் ஒன்றில் ஒமேகா-3 ஆக இருப்பது ஏறத்தாழ 300 மில்லிகிராம்தான், மிச்சம் வேறு கொழுப்பு. ஒன்றிரண்டு எடுப்பவரும் கவலைப்பட வேண்டாம். ‘நல்லதுதானே’ என்று நாளுக்கு ஆறு ஏழு விழுங்கும் உடற்பயிற்சிக்கூடத்துப் பொடியன்கள் பல்வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

கம்பிக்கு இடம் எடுக்க முன்கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவது அடிக்கடி நடக்கும். இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரினோ வோபரினோ எடுப்பவர் அதோடு மீனெண்ணெய், உள்ளிக் கப்சியூல் எடுத்தால், பிடுங்கும் நாளுக்கு முன்பே சொல்லுங்கள். அஸ்பிரினை, வோபரினைத் தானாக நிறுத்தக்கூடாது.

கொட்லிவர் எண்ணெயை மீனெண்ணெயோடு குழப்பாதீர்கள். அதில் விற்றமின் ஏயும் டியும் உண்டு. அதற்கு மேல் ஒரு மல்ட்டிவிற்றமினும் எடுத்தால் ஏ இரட்டிப்பாகும். ஏயின் மேலெல்லை வளர்ந்தவருக்கு நாளுக்கு 3000 மைக்ரோகிராம், 9 முதல் 13 வயதுப் பிள்ளைக்கு 1700தான். மிஞ்சிய ஏ எலும்பையே கரைக்கும்.

இதே சைகையை மீனெண்ணெயைவிடப் பலமாக அடக்குபவை இபுபுரோபன், டைக்குளோபெனக், மெபனமிக் அசிட் ஆகிய வலிக்குளிசைகள். அவை சத்துக் குளிசை அல்ல, ஆனால் கம்பி இறுக்கிய அன்றிரவு கை முதலில் போவது இவற்றுக்குத்தான். வலி 24 மணித்தியாலத்தில் உச்சத்துக்குப் போய் ஐந்தாறு நாளில் அடங்கும். பரசிட்டமோல் 500 மில்லிகிராம் போதும்: வளர்ந்தவருக்கு ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளியில், நாளுக்கு எட்டைத் தாண்டாமல். பிள்ளைக்கு நிறையைப் பார்த்து ஒரு தடவைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஒருதரம் இபுபுரோபன் எடுத்ததால் சிகிச்சை கெட்டுவிடாது, நாள்தோறும் எடுப்பதுதான் கூடாது. மழைக்காலத்தில் இன்னொரு காரணமும் உண்டு. கம்பி இறுக்கிய கிழமையில் காய்ச்சலும் வந்தால் அது பல்லால் வந்தது என்று எண்ணி இவற்றை எடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கைக் கூட்டும்.

மற்றவை

புளோரைட்டை விழுங்கிய எலிகளில் பல் நகர்வு குறைந்தது. நமக்கு வேண்டியது விழுங்கும் புளோரைட் அல்ல, பற்பசையில் உள்ளது. 1000 முதல் 1500 பிபிஎம் பற்பசையால் துலக்கித் துப்புவது வெள்ளைப் புள்ளியைத் தடுக்க அவசியம், அது நகர்வைப் பாதிக்காது. புளோரைட் குளிசை எடுக்க வேண்டியதில்லை. உலர்வலயத்தின் உட்பகுதிக் கிணறுகள் பலவற்றில் உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 1.5 மில்லிகிராமைவிடக் கூடுதலாகவே புளோரைட் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் வளர்ந்து பல்லில் பழுப்புக் கறை உள்ளவருக்குப் பிரக்கெட் ஒட்டுவதும் சிரமம், அடிக்கடி கழன்றால் அதையும் ஒரு காரணமாக நினைத்துப் பாருங்கள். அதே பகுதிகளில் சிறுநீரக நோயும் அதிகம். சிறுநீரகம் பழுதானவர் கல்சியம், டி, சி எதையும் கிளினிக்கில் கேட்காமல் தொடக்கூடாது.

கொலாஜன் பவுடர் வயிற்றில் மற்றப் புரதம்போலவே சமிக்கும், நேரே நார்ப்படலத்துக்குப் போய் ஒட்டாது. முட்டையும் பருப்பும் மலிவு. பிரண்டைக் கப்சியூல் எலும்பு முறிவுக்கு ஆராயப்பட்டது, பல் நகர்வுக்கு அதை நம்பி எடுக்க ஆதாரம் இல்லை. பிரண்டைத் துவையல் பிடித்தால் சாப்பிடுங்கள், அது வேறு விசயம். மஞ்சள் கப்சியூலாக விழுங்கினால் கம்பிக்கு ஒன்றுமில்லை. கறியில் இருக்கும் மஞ்சள்தான் நிறமற்ற ரப்பர் வளையங்களை இரண்டு நாளில் மஞ்சளாக்கிவிடும். வெளிறிய நிறம் கேட்கும் பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள். ஜெலி மிட்டாய் வடிவ விற்றமின்களும் சீனிப்பாணி ரொனிக்கும் வேண்டாம். நெல்லி லேகியமும் அப்படித்தான், கம்பிக்கடியில் பிசினாக ஒட்டி இரவு முழுக்க இருக்கும்.

இரும்புப் பாணி பல்லைக் கறுப்பாக்கும். குளிசை இருக்கும்போது பாணி ஏன்?

நேரம் வைப்பது

இரும்பும் கல்சியமும் ஒன்றாகப் போனால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும், குறைந்தது இரண்டு மணித்தியாலம் பிரியுங்கள். தேநீரும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். தைரொயிட் குறைவுக்குத் தைரொக்சின் எடுப்பவர் அதற்கும் கல்சியம், இரும்புக்கும் நடுவில் நாலு மணித்தியாலம் விட வேண்டும். முகப்பருவுக்கு டொக்சிசைக்கிளின் எடுக்கும் இளம்பிள்ளைகளும் அதைக் கல்சியத்தோடு எடுக்கக்கூடாது.

இரத்தச்சோகைக்கு இரும்பு, தட்டில் போதாததால் 500 கல்சியம், குறைபாட்டுக்கு 1000 ஐ.யூ. டி எழுதப்பட்ட 16 வயதுப் பிள்ளைக்கு இப்படி வைக்கலாம்:

காலை எழும்பியதும் இரும்பு, ஒரு துண்டு கொய்யா அல்லது பப்பாசியோடு. தேநீர் குடிப்பதென்றால் ஒரு மணித்தியாலமாவது கழித்து. வயிற்றைப் பிரட்டினால் காலைச் சாப்பாட்டோடு, ஆனால் பாலும் தேநீரும் இல்லாமல்.

மத்தியானம் சோற்றோடு டி. பள்ளிக்கூட நாளில் பின்னேரம் வந்து சாப்பிடும்போது.

இரவுச் சாப்பாட்டோடு கல்சியம் காபனேற்று. சாப்பிட்டதும் பல் துலக்கி எலாஸ்டிக்கை (மேல், கீழ்ப் பற்களுக்கு நடுவில் மாட்டும் ரப்பர் வளையத்தை) மாட்ட வேண்டும். குளிசையை நினைவு வைத்து எலாஸ்டிக்கை மறக்கும் வீடுகள் நிறைய. எலாஸ்டிக் சொல்லப்பட்டிருந்தால் நாளுக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வாயில் இருக்க வேண்டும். நாளில் சில மணித்தியாலம் மட்டும் வரும் விசைக்குப் பல் நகர்வதில்லை.

நோன்பு காலத்தில் நோன்பு திறந்து சோறு சாப்பிட்டபின் டியும் கல்சியமும், சஹரில் தேநீருக்கு முன் இரும்பு. எலாஸ்டிக்கைப் பகல் முழுக்கக் கழற்றாமல் போட இதைவிட நல்ல மாதம் இல்லை. கந்தசஷ்டி, நவராத்திரி விரதத்தில் மீன் நிற்கும்போது கல்சியக் கணக்கில் நெத்தலியைக் கழித்துத் தயிரைக் கூட்டுங்கள்.

இறுக்கிய கிழமையில் மெல்ல முடியாமல் சாப்பாடு பாதியாகும். அதற்காகப் புதுக் குளிசை தொடங்க வேண்டாம். குரக்கன் கூழ், சொதியில் ஊறிய இடியப்பம், முட்டை, தயிர், முள் நீக்கிய மீன் என்று மூன்று நாள் ஓட்டலாம். கச்சான், முறுக்கு, கரும்பு, பனங்கிழங்கு கம்பி கழற்றும்வரை வேண்டாம்.

வாங்கும்போதும் கிளினிக் நாளிலும்

போத்தலின் பின்பக்கம் ‘ஒரு வேளை அளவு’ என்று எழுதியிருப்பது சிலவேளை இரண்டு அல்லது மூன்று கப்சியூல். அட்டவணை எண்கள் அந்த மொத்தத்துக்கானவை. இலங்கையில் பதிவுபெற்ற பொருளா என்று பாருங்கள். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை மருந்துகளோடு மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பொருட்களையும் பதிகிறது. வெளிநாட்டுப் போத்தலில் திகதி மாதம் முன், நாள் பின் என்று இருக்கலாம், காலாவதியை அப்படியும் வாசித்துப் பாருங்கள். சமையலறை யன்னலில் வைத்த மீனெண்ணெய் நமது வெக்கையில் கெதியாய்க் காறிப்போகும். ஒரு கப்சியூலை வெட்டி மணந்து பாருங்கள், காறல் மணம் அடித்தால் எறியுங்கள்.

ஒரு கொப்பியில் எடுப்பதெல்லாம் எழுதுங்கள்: பெயர், ஒரு குளிசையில் எவ்வளவு, நாளுக்கு எத்தனை, எப்போது தொடங்கியது. ஆயுர்வேத மருந்து, ரொனிக், உடற்பயிற்சிக்கூடத்துப் பவுடர் எல்லாம் இதில் வரவேண்டும். எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரொனேற் எடுக்கும் பெரியவர் அதை முதல் வரியில் எழுதட்டும். அது எலும்பைக் கரைக்கும் கலங்களையே முடக்குவதால் பல் நகர்வு மந்தமாகும், பல் பிடுங்கினால் தாடைப் புண் ஆறாமல் போகவும் கூடும். நீண்டகாலம் ஸ்டெரொயிட், தைரொயிட் மருந்து எடுப்பவரும் எழுத வேண்டும். அடுத்த கிளினிக் நாளில், வாயைத் திறக்குமுன் கொப்பியைக் கொடுங்கள். பிரக்கெட் வேலை தொடங்கிய பிறகு பேச வாய் இருக்காது.